லைப்ரரியில பேய் இருக்கான்னு மீட்டரோட கெளம்புறதுக்கு முன்னாடி, ஒரு வயர்மேன் சொல்றத கேளுங்க

நான் காட்பாடி பக்கம் வயரிங் வேலை பாக்குறவன். பேய், பிசாசு, காத்து கருப்பு இதுக்கும் எனக்கும் பெருசா சம்பந்தம் கெடையாது, என் சித்தப்பா பையன் ஆன்லைன்ல ஒரு மீட்டர் வாங்கிகினு வந்து "அண்ணா இது பேய் டிடெக்டர்"னு என் கையில குடுக்குற வரைக்கும். திருப்பிப் பாத்தா அது இ.எம்.எஃப். மீட்டர். கே2ன்னு சொல்லுவாங்க, கருப்பா ரிமோட் மாதிரி இருக்கும், மேல பச்சைல இருந்து செவப்பு வரைக்கும் அஞ்சு லைட்டு. ஏசி கரண்ட் போற எடத்துல அதை சுத்தி ஒரு காந்தப்புலம் வரும்ல, அது எவ்ளோன்னு காட்டுறதுக்கு செஞ்சது. எங்க தொழிலுக்கு பக்கத்து வீட்டு சாமான்னு வெச்சுக்குங்களேன்.

அவன் குரூப் 4க்கு படிக்கிறான், குடியாத்தம் பக்கம் ஒரு கிளை நூலகத்துல தான் காலைலேந்து சாயங்காலம் வரைக்கும். அங்க பின்னாடி மூணாவது ரேக் கிட்ட ஏதோ இருக்குன்னு ஒரு பேச்சு. சாயங்காலம் ஆனா அங்க நடக்குற மாதிரி சத்தம் கேக்குதாம். கூட்டிப் பெருக்கி துடைக்கிற ஆயா வேற "அங்க யாரோ கீறாங்க கண்ணு, தொடைக்க சொல்ல கைய புடிச்சு புடிச்சு வுடுறாங்க"ன்னு சொல்லியிருக்கு. இவனுக்கு அது போதும்.

அதுக்கு அப்புறம் நடந்தது வரும், இருங்க. அதுக்கு முன்னாடி இந்த கோஸ்ட் ஹன்ட்டிங்னு சொல்றாங்களே அதுல அடிப்படையா ஒன்னு புரிஞ்சுக்கணும், இது தெரியாம எத்தனை ஆயிரம் ரூபா சாமான் வாங்கினாலும் வீண் தான். பேயை அளக்குறதுக்குன்னு உலகத்துல ஒரு கருவியும் கெடையாது. பேய் எத்தனை வோல்ட், எத்தனை டிகிரின்னு யாருக்கும் தெரியாதப்போ அதை அளக்க எப்படி மீட்டர் செய்ய முடியும்? இப்ப புழக்கத்துல இருக்கறதுல முக்காவாசி வேற வேலைக்காக செஞ்சத இரவல் வாங்கினது, மிச்சத்துக்கு உள்ள இருக்குற சென்சார் இரவல். அது அதோட வேலைய ஒழுங்கா தான் செய்யும், அது காட்டுறதுக்கு பேய்னு பேர் வைக்கிறது நாம. அதனால ஒவ்வொன்னுக்கும் ரெண்டு கேள்வி. இது நெஜமா எதை அளக்குது? அந்த அளவு இந்த எடத்துல சாதா நாள்ல எவ்ளோ இருக்கும்? ரெண்டாவது கேள்விக்கு பேர் தான் பேஸ்லைன். மே மாசம் வேலூர்ல 40 டிகிரின்னா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான், ஊட்டியில 40னா நியூஸ். நம்பர் ஒன்னு தான், எடம் தான் வேற. பேய் தேடப் போறவங்க பெரும்பாலும் ராத்திரி போய் ஒரு தடவை அளந்துட்டு "ஏறுது பாரு ஏறுது"ன்னு கத்துறாங்க, எதுல இருந்து ஏறுதுன்னு கேட்டா பதில் இல்ல.

சரி, ஏன் லைப்ரரின்னா மட்டும் இவ்ளோ கதை? கோட்டை, அரண்மனைன்னா புரியுது, நம்ம வேலூர் கோட்டையையே எடுத்துக்குங்க, 1806 ஜூலை 10 விடியக்காலைல சிப்பாய்ங்க கலகம் பண்ணி ரெண்டு பக்கமும் நூத்துக்கணக்குல செத்த எடம், சின்ன வயசுல எங்களை ராத்திரி வெளிய விடாம இருக்க வீட்ல இந்தக் கதைய தான் எடுத்து விடுவாங்க. லைப்ரரியில அப்படி யாரும் சண்டை போட்டு சாகல. ஆனா அமெரிக்கால இண்டியானா மாநிலத்துல எவான்ஸ்வில்னு ஒரு ஊரு, அங்க வில்லார்ட் லைப்ரரி, 1885ல தொறந்தது. 1937ல ஒரு வேலையாள் விடியக்காலைல பேஸ்மென்ட்ல அடுப்புக்கு கரி அள்ளிப் போட போனவரு சாம்பல் கலர்ல ஒரு பொம்பளைய பாத்தேன்னு சொல்ல, அதுலேந்து அவங்களுக்கு கிரே லேடின்னு பேரு. 1999ல லைப்ரரிக்கு உள்ளயே கேமரா வெச்சு இன்டர்நெட்ல விட்டுட்டாங்க, யார் வேணா வீட்ல இருந்தே பாத்துக்கலாம்னு. டப்ளின்ல மார்ஷ் லைப்ரரி 1707லேந்து இருக்கு, அதை ஆரம்பிச்ச ஆர்ச்பிஷப் இன்னும் ராத்திரில புஸ்தகத்தை எல்லாம் பொரட்டித் தேடுறாராம், வீட்டை விட்டு ஓடிப்போன அண்ணன் தம்பி பொண்ணு ஏதோ ஒரு புஸ்தகத்துக்குள்ள லெட்டர் எழுதி வெச்சுட்டு போனதா கதை. எனக்கு ரொம்ப புடிச்சது இங்கிலாந்துல ஃபெல்பிரிக் ஹால்ங்கிற பங்களா லைப்ரரி தான். வில்லியம் விண்டாம்னு ஒரு அரசியல்வாதி, 1809ல ஃப்ரெண்டோட வீட்டு லைப்ரரி தீப்பிடிச்சப்போ உள்ள பூந்து புஸ்தகத்தை காப்பாத்தினாரு, அப்ப பட்ட அடியே வெனையாகி அடுத்த வருஷம் போய் சேந்துட்டாரு. இப்ப அவரோட சொந்த லைப்ரரியில ஒக்காந்து படிக்கிறத பாத்தவங்க இருக்காங்களாம். இந்த மாதிரி பேய்னா எங்க வீட்டுக்கும் வரட்டும், ஒன்னும் பிரச்சனை இல்ல.

நம்ம நாட்டுல கல்கத்தா நேஷனல் லைப்ரரியோட பெல்வெடியர் பங்களா. 2010ல தொல்லியல் துறை ஆளுங்க சர்வே பண்றப்போ கதவு ஜன்னல் எதுவுமே இல்லாத ஒரு ரூம் கண்டுபுடிச்சாங்க, உடனே புதையல்ன்றான் ஒருத்தன், எலும்புக்கூடுன்றான் ஒருத்தன், கடைசியில பாத்தா அஸ்திவாரத்துக்காக மண்ணு கொட்டி நெரப்பின எடம்.

லைப்ரரியில இப்படி தோணுறதுக்கு கட்டடமே பாதி காரணம். அமைதி, அதனால சின்ன சத்தம் கூட பெருசா கேக்கும். ஆளு ஒசரத்துக்கு ரேக்கு, அதனால ஓரக்கண்ணுல தான் எல்லாம் தெரியும். பழைய வயரிங். அப்புறம் பழைய பேப்பர் வாசனை, பேப்பர்ல இருக்குற லிக்னின்ங்கிற மரச்சத்து வருஷக்கணக்கா சிதையும்போது வெனிலா எசென்ஸ்ல இருக்கற அதே வெனிலின் வரும், அதான் பழைய புக்க மோந்தா லேசா இனிப்பா இருக்கு. மல்லிப்பூ வாசனை வந்தா மோகினின்னு சொல்ற ஊரு நம்மது, லைப்ரரிக்கு காலைல பூ வெச்சுகினு வந்தவங்க எத்தனை பேருன்னு யாரும் எண்றதில்ல.

இப்ப கதைக்கு வரேன். மேடம் கிட்ட, அதான் லைப்ரரியன் கிட்ட கேட்டோம், மூடுறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பாத்துக்குங்க, புஸ்தகத்தை மட்டும் கலைக்காதீங்கன்னாங்க. தம்பி நேரா மூணாவது ரேக்குக்கு போய் மீட்டரை நீட்டுறான், குப்புனு செவப்பு. அவன் மூஞ்சிய பாக்கணுமே. நான் சொன்னேன், இருடா, செவுத்துக்குள்ள லைன் ஓடும், மெயினை எறக்கிட்டு பாப்போம். எறக்கினேன், ஃபேன் நின்னுச்சு, லைட்டு போச்சு, ஒரே இருட்டு, மீட்டர்ல மட்டும் இன்னும் செவப்பு. "கரண்டே இல்லாம எரியுதுண்ணா"ன்னு அவன் கத்தின கத்துல மேடம் ஓடி வந்துட்டாங்க. உண்மைய சொல்லணும்னா எனக்கும் ஒரு செகண்டு முதுகு சில்லுன்னு ஆச்சு. அப்புறம் தான் ஒறைச்சுது, அந்த செவுத்துக்கு அந்தாண்ட ஜெராக்ஸ் கடை. அவங்க கரண்ட் கனெக்‌ஷன் வேற, நான் எறக்கின மெயினுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. போய் பாத்தா செவுத்தோட ஒட்டி ஸ்டெபிலைசர் ஒக்காந்திருக்கு. செங்கல் செவுரு கரண்டைத் தடுக்கும், காந்தப்புலத்தைத் தடுக்காது, அது பாட்டுக்கு இந்தாண்ட வரும். கடைக்கார அண்ணனை ஸ்டெபிலைசர் ஆஃப் பண்ண சொன்னோம், மீட்டர் பச்சைக்கு வந்துடுச்சு.

இ.எம்.எஃப். மீட்டர்ல இது தான் விஷயம். காந்தப்புலத்தை அளக்குறது மில்லிகாஸ்ங்கிற யூனிட்ல. கே2ல கடைசி செவப்பு லைட்டு 20 மில்லிகாஸ் பக்கம் எரியும், ஸ்டெபிலைசர், ஃபேன் மோட்டார், பழைய ட்யூப்லைட் சோக்கு, மெயின் போர்டு இது எது கிட்ட வெச்சாலும் அது சர்வ சாதாரணமா வர்ற அளவு. ஒரு அடி ரெண்டு அடி தள்ளிப் போனா சட்டுனு கொறஞ்சுடும், அதனால தான் "நகருது நகருது"ன்னு தோணுது. பூமியோட காந்தப்புலம் எரநூறு மில்லிகாஸுக்கு மேலயே இருக்கு, ஆனா அது ஆடாம அசையாம இருக்கறதால இந்த மீட்டருக்கு தெரியாது, ஏசி மாதிரி மாறிகினே இருக்கறது தான் தெரியும். இன்னொன்னு, பாக்கெட்ல செல்போனை வெச்சுகினு இதை ஆட்டாதீங்க, போன் டவர்கிட்ட பேசும்போது கூட லைட்டு எரியும்.

அடுத்தது கன் மாதிரி இருக்குற ஐ.ஆர். தெர்மாமீட்டர். கொரோனா டைம்ல எல்லார் நெத்தியிலயும் வெச்சாங்களே அதோட அண்ணன் தான். பேய் வந்தா அங்க காத்து குளுந்து போகும், கோல்டு ஸ்பாட்னு சொல்லி இதை நீட்டுறாங்க. அது காத்தோட சூட்டை அளக்கவே அளக்காது, எதிர்ல இருக்குற செவுரு, ரேக்கு, கண்ணாடி இதோட மேல்பரப்பு சூட்டை தான் அளக்கும். அந்த செவப்பு புள்ளி சும்மா குறி பாக்க மட்டும், அளக்குறது அந்தப் புள்ளியை சுத்தி ஒரு வட்டத்தை, தூரம் போகப் போக வட்டம் பெருசாகும். பளபளன்னு இருக்குற எவர்சில்வர் மேல புடிச்சா அதுல பிரதிபலிக்கிற வேற எதோட சூட்டையோ காட்டும். காத்து சூடு வேணும்னா சாதா தெர்மாமீட்டரை தொங்க விட்டு கால் மணி நேரத்துக்கு ஒருக்கா எழுதிக்குங்க, அதுல கவர்ச்சி இல்லன்னு யாரும் செய்றதில்ல.

சூடுன்னு வரும்போது அந்த நடக்குற சத்தத்தையும் சொல்லிடுறேன். நம்ம ஊர்ல பகல்ல கட்டடம் பூரா வெந்து கெடக்கும், சாயங்காலம் எறங்கும். இரும்பு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரிக்கு 0.012 மில்லிமீட்டர் சுருங்கும். கேக்க ஒன்னுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா ரெண்டு மீட்டர் ரேக்கு 15 டிகிரி எறங்கினா 0.36 மில்லிமீட்டர் ஆச்சு. அது மெதுவா வழுக்கி வராது, போல்ட்டுல மாட்டி மாட்டி "டக்"னு வரும், கொஞ்ச நேரம் கழிச்சு பக்கத்து ரேக்குல "டக்". ஒருத்தர் நிதானமா நடக்குற மாதிரியே தான் இருக்கும். அந்த லைப்ரரி இருக்கறது மெட்ராஸ் டெரஸ், அதான் உத்திரத்து மேல செங்கல் அடுக்கின கூரை போட்ட பழைய வீடு வேற, மேல தேக்கு உத்திரம், அதுவும் சேந்து முனகும். இதுக்கு மேல சாவுக்குருவின்னு சொல்லுவோமே கூகை, அது வென்டிலேட்டர் வழியா வந்து தங்கிடுச்சுன்னா சொல்லவே வேணாம், வெள்ளை மூஞ்சி, பறந்தா சத்தமே வராது, கத்துனா குலை நடுங்கும். இங்க கூகை இல்ல, தேடிப் பாத்துட்டேன்.

வாய்ஸ் ரெக்கார்டர் சமாச்சாரம் தான் எனக்கு சுவாரசியமா இருந்தது. ஈ.வி.பி.ன்னு சொல்றாங்க, காதுக்கு கேக்காத குரல் டேப்ல விழும்னு. 1959ல ஸ்வீடன்ல ஃப்ரீட்ரிஹ் யூர்கென்சன்னு ஒருத்தர் பறவை சத்தத்தை பதிவு பண்ணப் போய் அதுல ஆளு பேசுற மாதிரி கேட்டதுல இது பெருசா ஆரம்பிச்சது, அவருக்கு அப்புறம் லாட்வியாக்காரர் ரவுடிவ் ஆயிரக்கணக்குல சேத்து வெச்சாரு. என்ன நடக்குதுன்னா, நெறைய ரெக்கார்டர்ல அமைதியா இருந்தா சத்தத்தைப் பெருக்குற அளவை, அதான் கெயின, அதுவே தூக்கிக்கும், அப்போ இரைச்சல் ஏறும், ரெண்டு தெரு தள்ளி போற பைக்கு, பக்கத்து வீட்டு டிவி எல்லாம் தேஞ்சு போய் உள்ள வரும். அந்த இரைச்சலை மூளை சும்மா விடாது, தனக்கு தெரிஞ்ச பாஷையா மாத்திப்புடும். ஆட்காட்டி குருவியை எடுத்துக்குங்க, ஆளு வர்றத காட்டிக் குடுக்குதுன்னு நாம பேர் வெச்சிருக்கோம், அதே குருவி கத்துறத இங்கிலீஷ்காரன் "டிட் ஹி டூ இட்"னு கேக்குறான், அவன்தான் செஞ்சானான்னு விசாரிக்குதாம். குருவி அது பாட்டுக்கு கத்திகினு இருக்கு. நாங்களும் அன்னிக்கு அரை மணி நேரம் ரெக்கார்டு பண்ணோம், அதுல ஒரு எடத்துல ஒரு சத்தம். தம்பிக்கு "வா"ன்னு கேட்டுது. மேடத்துக்கு "ஆமா"ன்னு. எனக்கு ஷட்டர் எறக்குற சத்தமா கேட்டுது. ஒரு விஷயம் இதுல கத்துக்கிட்டேன், யாருக்கும் முன்கூட்டியே சொல்லாம தனித்தனியா கேக்க வெச்சு எழுதி வாங்கணும். "வான்னு கேக்குது பாரு"ன்னு சொல்லிட்டு போட்டா அப்புறம் எல்லாருக்கும் வான்னு தான் கேக்கும்.

ஸ்பிரிட் பாக்ஸுன்னு ஒன்னு, ரேடியோ ஸ்டேஷனை நிக்காம வேகமா மாத்திகினே போகும், அதுல வர்ற துண்டு துண்டு வார்த்தைய பதில்னு எடுத்துக்குறது. வாங்காதீங்க.

கேமரால ஆர்ப்னு வட்ட வட்டமா வெளிச்சம் வரும். ஃபிளாஷும் லென்ஸும் பக்கத்துல பக்கத்துல இருக்குற சின்ன கேமரால கிட்ட பறக்குற தூசி அவுட் ஆஃப் ஃபோகஸ்ல பளிச்சுனு விழறது அது. லைப்ரரியில தூசிக்கா பஞ்சம்? இன்னும் ஒன்னு எஸ்.எல்.எஸ். கேமரா, குச்சி பொம்மை மாதிரி ஆளு உருவம் வரைஞ்சு காட்டும். அதுக்குள்ள இருக்கறது 2010ல வீடியோ கேமுக்காக வந்த கினெக்ட் சென்சார். எதிர்ல விளையாட ஒரு ஆள் நிப்பான்னு நம்பி செஞ்சது, ஆளைத் தேடுறது தான் அதோட பொழப்பு, ஆள் இல்லனா நாற்காலியையும் ஆளுன்னு சொல்லும். போட்டோன்னா லைப்ரரி பேயிலயே ரொம்ப ஃபேமஸ் காம்பர்மியர் அப்பே படம் தான். 1891ல லண்டன்ல குதிரை வண்டி மோதி அடிபட்டு செத்துப்போன லார்ட் காம்பர்மியரை அடக்கம் பண்ணிகினு இருக்கும்போது, வீட்ல ஆள் இல்லாத லைப்ரரிய சிபில் கார்பெட்னு ஒரு அம்மா படம் எடுத்தாங்க, கழுவிப் பாத்தா அவரோட நாற்காலியில மங்கலா ஒரு ஆளு. ஆனா லென்ஸ் தொறந்து இருந்தது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அதுக்குள்ள எவனாவது வேலைக்காரன் முதலாளி நாற்காலியில கொஞ்ச நேரம் ஒக்காந்து பாத்துட்டு எழுந்து போயிருந்தா படத்துல அப்படித்தான் விழும்.

மீட்டர்ல சிக்காத ஒன்னும் இருக்கு, காதுக்கு கேக்காத தாழ்ந்த சத்தம், இன்ஃப்ராசவுண்ட். இங்கிலாந்துல கவன்ட்ரில விக் டாண்டின்னு ஒரு இன்ஜினியர், லேப்ல ராத்திரி வேலை பாக்கறப்போ உடம்பு சிலுத்து ஓரக்கண்ணுல சாம்பல் உருவம் தெரிஞ்சிருக்கு. மறுநாள் ஃபென்சிங் கத்திய வைஸ்ல மாட்டினா அது தானா அதிருது. தேடிப் போனா புதுசா மாட்டின எக்ஸாஸ்ட் ஃபேன், அதுல இருந்து 19 ஹெர்ட்ஸ் கிட்ட ஒரு அலை. 1998ல கட்டுரையா போட்டாரு. உடனே எல்லா பேயும் ஃபேன் தான்னு கெளம்பிடாதீங்க, கிறிஸ் ஃப்ரெஞ்சுன்னு லண்டன் சைக்காலஜிஸ்ட் குரூப் 2009ல ஒரு ரூம் கட்டி 79 பேரை உள்ள விட்டு காந்தப்புலம், இன்ஃப்ராசவுண்ட் ரெண்டையும் போட்டும் போடாமலும் பாத்தாங்க. நெறைய பேருக்கு ஏதேதோ தோணிச்சு, ஆனா மிஷின் ஓடுச்சா இல்லையான்றதுக்கும் அதுக்கும் தொடர்பே இல்ல. ஏதாவது தோணலாம்னு முன்னாடியே சொன்னதே போதும்போல.

இதெல்லாம் விட பழைய ஆளுங்க கிட்ட வேற ஒரு சாமான் இருந்தது. ஹாரி பிரைஸ்னு ஒருத்தர், 1937ல இங்கிலாந்துல போர்லி ரெக்டரிங்கிற வீட்டை ஒரு வருஷத்துக்கு வாடகைக்கே எடுத்து, பேப்பர்ல விளம்பரம் குடுத்து ஆள் சேத்து காவல் வெச்சாரு. அவர் பைல சத்தம் வராத துணி செருப்பு, டேப்பு, நூலு, முத்திரை, தெர்மாமீட்டர், கைரேகை எடுக்க கிராஃபைட் பவுடரு, யாராவது மயக்கம் போட்டா குடுக்க கொஞ்சம் பிராந்தி. பயந்த ஆளுக்கா பயப்படாத ஆளுக்கான்னு தெரியல. அவர் மேல ஏமாத்துக்காரன்னு புகாரும் உண்டு, ஆனா வந்தவங்க எல்லாருக்கும் அச்சடிச்ச புஸ்தகம் குடுத்து எத்தனை மணிக்கு, எங்க, என்னன்னு எழுத சொன்னாரு பாருங்க, அது தான் வேலை. அவர் சேத்து வெச்ச பேய் சமாச்சார புஸ்தகம் எல்லாம், சுமார் 13,000 அயிட்டம், இப்ப லண்டன் யுனிவர்சிட்டி லைப்ரரியில தான் இருக்கு.

நாங்களும் ஒரு நோட்டு போட்டோம். தேதி, மணி, யாருக்கு, என்ன, அப்ப எது எது ஓடுச்சு. பத்து நாள்ல ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. சத்தம் எல்லாருக்கும் கேக்குது, சாயங்காலம் மட்டும், அது ரேக்கு. ஆனா கைய புடிக்கிறது ஆயாவை மட்டும் தான், அதுவும் காலைல மட்டும், அதுவும் துடைக்கும்போது மட்டும். எனக்கு அங்கயே வவுத்துல புளிய கரைச்சுது. லைப்ரரியில நாங்க எல்லாம் ரப்பர் செருப்பு, காஞ்ச தரை. ஆயா வெறுங்காலு, ஈரத்தரை, ஈரக்கை. டெஸ்டரை எடுத்து ரேக்கு மேல வெச்சா மினுக்குனு எரியுது.

ரேக்கை எப்பவோ நகர்த்திப் போட்டப்போ பின்னாடி செவுத்துல தொங்குன ட்யூப்லைட் வயரு நசுங்கி இன்சுலேஷன் கிழிஞ்சு இரும்போட ஒட்டிகினு இருந்திருக்கு. ஒரு மில்லியாம்ப் போனாலே கை சுருக்குங்கும், ஆளைக் கொல்றதுக்கு அதுல சில பத்து மடங்கு போதும். 30 மில்லியாம்ப்ல விழுற ஆர்.சி.சி.பி. இருந்திருந்தா லீக்கு ஏறும்போது தானா கட்டாயிருக்கும், அந்தக் கட்டடத்துல அது கெடையாது, வெறும் பழைய ஃபியூஸ் கேரியர், அது இந்த லீக்குக்கெல்லாம் அசையாது. ஆம்பியர் கணக்குல போனா தான் போகும். ஆயா இத்தனை மாசம் தப்பிச்சது அவங்க புண்ணியம். வயரை மாத்தினேன், ரேக்கை எர்த் பண்ணேன், ஆர்.சி.சி.பி. மாட்ட சொல்லி மேடம் மேல எழுதிப் போட்டாங்க, அது வர்றப்ப வரும்.

அதனால யாராவது எங்க போனாலும் முதல் சாமானா முப்பது ரூபா டெஸ்டரையும் ஒரு நோட்டையும் எடுத்துகினு போங்க, பகல்ல ஒரு தடவை போங்க, ஃபேன் போட்டு ஒரு தடவை ஃபேன் நிறுத்தி ஒரு தடவை எழுதுங்க, செவுத்துக்கு அந்தாண்ட என்ன இருக்குன்னு போய் பாருங்க. ஜெனரேட்டர் ஓடுற மூடின எடம்னா உள்ளயே போகாதீங்க, கார்பன் மோனாக்சைடு ஏறுனா தலை சுத்தும், இல்லாததெல்லாம் தெரியும் கேக்கும், அமெரிக்கால ஒரு குடும்பத்துக்கே அடுப்பு லீக்குனால காலடி சத்தம் கேட்டத 1921ல ஒரு கண் டாக்டர் எழுதி வெச்சிருக்காரு.

ஆயாகிட்ட போய் சொன்னேன், அது பேய் இல்ல ஆயா, கரண்டுன்னு. "கரண்டா? அப்ப ரொம்ப டேஞ்சராச்சே நைனா, பேய்னு நெனச்சுகினு தான் தைரியமா துடைச்சேன்"னு சொல்லுது. தம்பி இன்னிக்கும் மூணாவது ரேக் பக்கம் ஒக்கார்றதில்ல. கேட்டா அங்க ஃபேன் காத்து வரலன்றான்.